கலங்கரை விளக்கத்தடியில் ஒரு மாப்பிள்ளை

கலங்கரை விளக்கத்தின் நிழல் மணலில் நீளமாகச் சாய்ந்து கிடந்தது. அந்த நிழலின் அகலத்துக்குள் தன்னை அடக்கிக்கொள்ளப் பார்த்தபடி ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை முழுக்கைச் சட்டை. கறுப்பு பேன்ட். முகம் பார்த்துத் தலை வாரலாம் என்கிற அளவுக்குப் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ.

கடற்கரைக்கு அப்படி வந்திருந்தார்.

"அம்மா, இன்டர்வியூக்கு வந்தவர் மாதிரி நிக்கிறாரு," என்று என் மகள் யாழினி காதோரம் சொன்னாள்.

"இன்டர்வியூதானேடி," என்றேன்.

பழவேற்காட்டுக் கடற்கரை அது. நாலைந்து வருஷம் இருக்கும். பொங்கல் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் இன்னும் சூடேறவில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவே மணல். காற்று கருவாட்டு வாசனையையும் ஈர மண் வாசனையையும் மாற்றி மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தது.

எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. அந்த மனிதர் என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்.

நடந்தால் பேசுவேன்

என் கணவர் சுந்தரம் இறந்ததை இந்தத் தொடரின் ஆரம்ப வாரங்களிலேயே எழுதிவிட்டேன். மறுபடி எழுதும் தெம்பு எனக்கில்லை. படிக்கும் தெம்பு உங்களுக்கும் இருக்காது. இந்த வாரம்தான் முதன்முதலாகப் படிக்கிறீர்கள் என்றால் இவ்வளவு தெரிந்தால் போதும்: ஒரு மத்தியானம், அலுவலகத்தில், மாரடைப்பு. யாழினி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு செம்பாக்கம் வீட்டில் நானும் அவளும்தான்.

பொத்தேரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில். மாலையில் வந்ததும் ஒரு காபி, பிறகு பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவோடு ஏரிக்கரை ஓரமாக ஒரு நடை. அக்கா நடப்பதைவிட நிற்பதே அதிகம். யாரைப் பார்த்தாலும் நின்றுவிடுவார். ஏரியில் முக்குளிப்பான் ஒன்று தலையை உள்ளே விட்டால், அது மேலே வரும்வரைகூட நிற்பார்.

நாட்கள் இப்படி ஓடின. சந்தோஷமாக இல்லை என்று சொல்ல முடியாது. என் காபியை எனக்குப் பிடித்த சூட்டில் குடித்தேன். டிவி ரிமோட் என் கையில் இருந்தது.

யாழினி படித்தாள், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள், பிறகு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. கிடைத்த அன்று சாயங்காலமே கல்யாணப் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. அவளுக்கல்ல, எனக்கு.

"உன்னத் தனியா விட்டுட்டு நான் எப்படிம்மா போறது?"

"நான் என்ன லக்கேஜா? கிளம்பறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது ஒப்படைச்சிட்டுப் போகணுமா?"

அவள் நேராக நூர்ஜஹான் அக்காவிடம் போய்விட்டாள்.

அக்காவின் கணவர் அபுபக்கர் பாய் மேற்குத் தாம்பரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். குளியலறைக்கு டைல்ஸ் வாங்க வந்த ஒருவர் அவருக்குச் சிநேகிதராகி, ஞாயிற்றுக்கிழமை தோறும் கடையில் டீ குடித்துவிட்டுப் போவார். பெயர் கதிரேசன். ரயில்வேயில் சிக்னல் பிரிவு. மாடம்பாக்கத்தில் சொந்த வீடு. மனைவி லலிதா காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை.

"தங்கமான மனுசன் ஜெயந்தி," என்றார் அக்கா. "பேச்சு மட்டும் கொஞ்சம் கம்மி."

"எனக்கு வேணாம்க்கா."

"பார்த்துட்டு வேணாம்னு சொல்லு. ஒத்துக்கறேன். பார்க்காமலே சொன்னா அது முடிவில்ல, பயம்."

எனக்குச் சுருக்கென்றது. நடக்க முடியாத ஒரு நிபந்தனையைப் போட்டுவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன்.

"சரி. என் வீட்டுக்கு யாரும் வரக்கூடாது. நானும் யார் முன்னாடியும் போய் உட்கார மாட்டேன். நடந்துகிட்டே பேசறதுன்னா பேசுவேன்."

"அவ்ளோதானே," என்றார் அக்கா. அவர் பிறந்த ஊர் பழவேற்காடு. "எங்க ஊர்ல நடக்கலாம். லைட் ஹவுஸ் கிட்டேருந்து முகத்துவாரம் பக்கமா ஒரு நடை. சரணாலயத்துல பூநாரை வந்திருக்கும், அதையும் பார்த்த மாதிரி இருக்கும். மத்தியானம் எங்க உம்மா வீட்டுல சாப்பாடு."

தப்பிக்க வழியே இல்லை.

மாடம்பாக்கத்தில் பஜ்ஜி

உட்கார மாட்டேன் என்று சொன்னதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது.

என் பிறந்த வீடும் மாடம்பாக்கம்தான். சிவன் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெரு. அந்த வீட்டின் கூடத்தில்தான் என்னை முதல் முறை பெண் பார்த்தார்கள். ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். நிமிர்ந்து பார்க்காதே என்று அத்தை அடுப்படியிலேயே எச்சரித்திருந்தாள். அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜமுக்காளத்தில் மடங்கியிருந்த கால்கள் மட்டும்.

வாழைக்காய் பஜ்ஜித் தட்டை மாப்பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டும். எந்தக் கால்கள் மாப்பிள்ளை? நகம் ஒழுங்காக வெட்டியிருந்த இரண்டு கால்களைத் தேர்ந்தெடுத்து அவற்றின் முன்னால் தட்டை வைத்தேன். கூடத்தில் பொத்துக்கொண்டு சிரிப்பு. அது மாப்பிள்ளையின் சித்தப்பா.

அடுத்தபடி இருந்த, நகம் வளர்ந்த கால்கள்தான் சுந்தரம்.

போய்ப் பதில் சொல்லி அனுப்புகிறோம் என்று அவர்கள் கிளம்பினார்கள். என்னிடம் யாரும் பதில் கேட்கவில்லை. எனக்கும் ஒரு பதில் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

சுந்தரம் நல்லவராக அமைந்தது என் அதிர்ஷ்டம். இரண்டாவது தடவையும் அதிர்ஷ்டத்தை நம்ப நான் தயாராக இல்லை. இந்த முறை கால்களை அல்ல, ஆளைப் பார்க்க வேண்டும்.

ஆனால் பாருங்கள், கலங்கரை விளக்கத்தடியில் என் கண் முதலில் போனது ஷூவுக்குத்தான்.

மரியாதையாக ஒரு நடை

"இது ஜெயந்தி. இவர்தான் கதிர் சார்," என்று பாய் அறிமுகம் செய்துவைத்தார். செய்துவைத்த கையோடு, செருப்பில் முள் குத்திவிட்டது என்று அக்கா உட்கார்ந்துகொண்டார். முள்ளைத் தேடுகிறேன் என்று பாயும் உட்கார்ந்துகொண்டார். அவர் செருப்பில் முள் எங்கே இருந்தது? எங்களை முன்னால் போகவிடும் ஏற்பாடு அது. யாழினி எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில், கைபேசியைப் பார்க்கிற பாவனையில் வந்தாள்.

நாங்கள் நடந்தோம். மணல் மேட்டில் அடப்பங்கொடி படர்ந்து ஊதாப் பூ பூத்திருந்தது. அலை வந்து போன இடம் கண்ணாடி மாதிரி மின்னி, நாங்கள் பார்க்கும்போதே மங்கியது.

"சாப்ட்டீங்களா மேடம்?" என்றார் அவர்.

"பொன்னேரியில இட்லி சாப்ட்டோம்."

"நானும் பொன்னேரியிலதான் சாப்ட்டேன்."

"அப்படியா. எந்த ஓட்டல்?"

அவர் சாப்பிட்டது பஸ் ஸ்டாண்டு பக்கம். நாங்கள் சாப்பிட்டது ஸ்டேஷன் பக்கம். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. எங்களோடு வேனில் வந்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று, அவர் விடியற்காலையிலேயே ரயிலும் பஸ்ஸுமாக மாறி வந்திருக்கிறார். இதுகூடப் பிற்பாடு பாய் சொல்லித்தான் தெரியும்.

எனக்கு முன்னால் முள்ளுருண்டை ஒன்று காற்றில் உருண்டு ஓடியது. ராவணன் மீசைப் புல்லின் விதை உருண்டை. கால் முளைத்த மாதிரி மணலில் குதித்துக் குதித்துப் போகும். பின்னாலேயே இன்னொன்று, இன்னும் இரண்டு. என்னால் இருக்க முடியவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு ஒன்றைத் துரத்தினேன். பிடிக்கப் போகும்போதெல்லாம் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போயிற்று. ஒரு வழியாகக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினால், அவர் நின்ற இடத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு வரலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றது.

என் புடவை நனையக்கூடாது என்று அவர் கடல் பக்கமாக நடந்துவந்தார். அந்த மரியாதைக்குப் பரிசாக ஓர் அலை வந்தது. முட்டிவரைக்கும் நனைத்துவிட்டுப் போனது. ஷூ இரண்டும் நிரம்பிவிட்டன.

வேறு யாராக இருந்தாலும் ஒரு சத்தமாவது போட்டிருப்பார்கள். இவர் ஒன்றுமே நடக்காதது போல நடையைத் தொடர்ந்தார். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் சளக், சளக் என்று சத்தம்.

"கழட்டிடுங்களேன்," என்றேன்.

"பரவால்லீங்க."

சளக், சளக்.

"கடலுக்கு வரும்போது எதுக்குங்க ஷூ?"

"மரியாதையா வரணும்னு பாய் சொன்னாருங்க."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் கடைசியில் மணலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தார். சொம்பிலிருந்து கொட்டுவது போல் தண்ணீர் கொட்டியது. சாக்ஸைப் பிழிந்து பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நடந்தவர் வேறு ஆள் மாதிரி இருந்தார்.

வாசலில் ஒருத்தர்

மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"இந்த வயசுல எதுக்குக் கல்யாணம்னு நினைக்கிறீங்க? சமைச்சுப் போட ஆள் வேணுமா?"

"சமையல் எனக்கே வரும்ங்க. லலிதா இருந்தப்பவே சாம்பார் நான்தான் வைப்பேன்." கொஞ்ச தூரம் யோசித்தபடி வந்தார். "வேலைய விட்டு வந்து கதவைத் திறந்தா, காலையில வச்சது வச்ச இடத்துலயே இருக்கு. டம்ளர் கூட. அதுதாங்க தாங்க முடியல."

எனக்குத் தெரிந்த டம்ளர்தான் அது.

அப்போதுதான் அவர் அதைக் கேட்டார்.

"யாழினியோட அப்பா எப்படிப்பட்டவருங்க?"

நான் நின்றுவிட்டேன். சுந்தரம் போனதிலிருந்து யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எப்படிப் போனார் என்று கேட்டிருக்கிறார்கள். பென்ஷன் வருகிறதா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டதில்லை. வீட்டில் யாழினி அழுதுவிடுவாளோ என்று நான் பேச மாட்டேன். நான் அழுதுவிடுவேனோ என்று அவள் பேச மாட்டாள். அப்படியே அவர் பெயர் வீட்டில் ஒலிக்காமல் போய்விட்டிருந்தது.

என்ன சொல்வது? நல்லவர் என்று சொன்னால் அது எல்லோருக்கும் பொருந்தும்.

"தவளைன்னா பயம் அவருக்கு," என்றேன்.

"தவளையா?"

"ஆமா. கம்பெனியில யூனியன் ஆளு. மேனேஜர் ரூமுக்குள்ள போய் மேசையத் தட்டிப் பேசுவாரு. ஆனா தவளையப் பார்த்தா அவ்ளோதான்."

செம்பாக்கத்தில் மழைக்காலம் வந்தால் ஏரியில் பாதி தெருவுக்கு வந்துவிடும், தவளையோடு சேர்த்து. அப்படி ஒரு மழை நாள் சாயங்காலம் எனக்குப் போன் வந்தது. சுந்தரம். எங்கிருந்து பேசுகிறார் என்று தெரியவில்லை. குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஜெயா, நம்ம வாசல்ல ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு."

"யாரு?"

"நீயே வந்து பாரேன். கொஞ்சம் போகச் சொல்லு."

யாரோ விருந்தாளி மழையில் வந்து உட்கார்ந்திருக்கிறார் போல என்று நான் அவசரமாகத் தலையைச் சரி செய்துகொண்டு, தட்டில் தண்ணீர் டம்ளர் வைத்து எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். வாசற்படியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தவளை. கேட்டுக்கு வெளியே, குடையைப் பிடித்துக்கொண்டு, முழுக்க நனைந்து என் புருஷன்.

"அவருக்குப் போய்த் தண்ணி கொண்டாந்திருக்கியே," என்றார்.

கதிரேசன் முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு தோள் குலுங்கியது. பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார், கையில் ஷூவோடு. கண்ணில் தண்ணீர் வர வர, "அவருக்குப் போய்த் தண்ணி," "அவருக்குப் போய்த் தண்ணி," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

தலைக்கு மேலே ஒரு குரல்.

"அப்பா தவளைய 'அவரு'ன்னா சொன்னாரு?"

யாழினி எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியவில்லை. கைபேசி பைக்குள் போயிருந்தது.

"மரியாதையாப் பேசினா குதிக்காதாம்," என்றேன்.

"இத நீ எனக்குச் சொன்னதே இல்லம்மா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொண்டாள். "வேற?"

வேறு நிறைய இருந்தது. சைக்கிள் பழகும்போது போலீஸ்காரர் மீது மோதியது. ஊட்டியில் குதிரை அவரை மட்டும் ஏற்றிக்கொள்ள மறுத்தது. நடந்துகொண்டே சொன்னேன். இரண்டு பக்கமும் இரண்டு பேர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

தப்பான கல்யாணம்

"இப்ப நீங்க சொல்லுங்க, அங்கிள்," என்றாள் யாழினி. "ஆன்ட்டி எப்படி?"

கதிரேசன் ஷூவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"அவ ஒரு கல்யாணத்துக்குப் போனா. தப்பான கல்யாணத்துக்கு."

அரக்கோணத்தில் தூரத்துச் சொந்தம் ஒன்றின் கல்யாணம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண்டபம். லலிதா போனது பக்கத்து மண்டபம். உள்ளே போனவர் யாரையும் தெரியவில்லையே என்று கவலைப்படவில்லை, எல்லோரையும் தெரிந்துகொண்டார். பந்தியில் சாப்பிட்டார். மேடையேறிப் பரிசு கொடுத்தார். போட்டோவுக்கு நின்றார். கீழே இறங்கி வரும்போதுதான் பூவில் எழுதியிருந்த பெயர் கண்ணில் பட்டது.

"வேற யாரா இருந்தாலும் நழுவிடுவாங்க இல்லீங்களா? இவ திரும்ப மேடைக்குப் போறா. பொண்ணுகிட்ட போய், 'தப்பு நடந்துபோச்சும்மா, நீ ரொம்ப அழகா இருக்க, நல்லா இருப்ப, அந்தக் குக்கர மட்டும் திருப்பிக் குடுத்துடு'ன்றா."

"குடுத்தாங்களா?" என்றேன்.

"குடுத்தாங்க. பொண்ணு சிரிச்ச சிரிப்புல மாலையே அவுந்துபோச்சாம்." அவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்தப் பொண்ணு இன்னிக்கும் லலிதா திதிக்கு வருதுங்க. ரெண்டு கொழந்தைங்களோட. சொந்தக்காரங்க மறந்தாலும் அது மறக்கறதில்ல."

பார்த்தவர்களுக்கு நாங்கள் மூன்று பேர் நடப்பதாகத்தான் தெரிந்திருக்கும். எனக்கு ஐந்து பேர் நடப்பது போல இருந்தது.

கயிறு

முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் போட்ட பெரிய வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையிலிருந்தே இழுப்பது. ஒரு பக்கக் கயிற்றில் ஆள் நிறைய. இந்தப் பக்கத்தில் குறைவு.

"இன்னாக்கா, வேடிக்க பாத்துகினு கீற?" என்று தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "வா, ஒரு கை புடி. அண்ணா, நீயும் வா. ஷூவ அங்க கடாசு."

கதிரேசன் என்னைப் பார்த்தார். நான் முந்தானையை இழுத்துச் செருகினேன்.

ஈரக் கயிறு இவ்வளவு முரடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. குதிகாலை மணலில் ஊன்றி, பின்னாலேயே நடக்க வேண்டும். ஒரு தரம் எல்லோரும் இழுக்கும்போது நான் மட்டும் விட்டுவிட்டு, எல்லோரும் விடும்போது நான் மட்டும் இழுத்தேன். "யக்கா, எங்கூட சேந்து இழு, எங்களுக்கு எதிரா இழுக்காத," என்றார் பெரியவர். எனக்குப் பின்னால் கதிரேசன், அவருக்குப் பின்னால் யாழினி. தூரத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் பாய் வந்தார். அக்கா கரையில் நின்று எல்லோரையும் அதட்டி வேலை வாங்கினார்.

உள்ளங்கை எரிந்தது. முதுகு வேர்த்தது. வாய்க்குள் உப்பு. எத்தனையோ வருஷமாக நான் இவ்வளவு சத்தமாகக் கத்தியதில்லை.

வலையின் மடி கரைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் நுங்கு மாதிரி வழவழவென்று சொறிமீன். அதற்கு நடுவில் வெள்ளிப் பொட்டுகளாகக் காரப்பொடியும் நெத்திலியும் துள்ளின. மோசமில்லை என்று பெரியவர் தலையை ஆட்டினார். ஒரு பையில் இரண்டு கை மீனை அள்ளிப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"வேணாங்க," என்றேன்.

"ஒயச்சிட்டு வெறுங்கையோட போவாதக்கா. வலைக்கு ஆவாது."

வாங்கிக்கொண்டேன். என் கை சிவந்து கன்றிப்போயிருந்தது. கதிரேசன் கைக்குட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தார். அவர் கையைப் பார்த்தேன்; தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. கைக்குட்டையை அவர் கையிலேயே சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டேன். இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது. யாழினி ரொம்ப அக்கறையாக ஒரு சங்கை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

ரோஸ் கோடு

மணல் மேட்டில் ஏறி ஏரிப் பக்கம் இறங்கினோம். வனத்துறைப் பலகையில் பூநாரைப் படம் வெயிலில் வெளுத்து வாத்து மாதிரி ஆகியிருந்தது.

"அதோ, பூநாரை," என்று பாய் கை நீட்டினார்.

தண்ணீர் முடியும் இடத்தில் மெல்லிய ரோஸ் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அது பறவையா, படகுக்கு அடித்த பெயின்ட்டா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பாய் பறவை என்றார். யாழினி பெயின்ட் என்றாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தோம். கோட்டின் ஒரு முனை மட்டும் மெதுவாக வளைந்து தண்ணீருக்குள் குனிந்தது.

"பார்த்தியா," என்றார் பாய், தானே நட்டு வளர்த்தவர் போல.

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு," என்றார் அக்கா. "பசிக்குது, நடங்க."

திரும்பும் வழியில், கலங்கரை விளக்கம் பக்கத்தில் வந்ததும் கதிரேசன் என்னைக் கொஞ்சம் நிற்கச் சொன்னார்.

"நீங்க இப்ப எதுவும் சொல்ல வேணாங்க. நான் மட்டும் சொல்லிடறேன். எனக்கு இஷ்டம். நீங்க வேணாம்னு முடிவெடுத்தா எனக்கு வருத்தம் இருக்கும், கோவம் இருக்காது. பாய் கடையில எப்பவாவது பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்காம ஒரு வார்த்தை பேசுங்க. அது போதும்."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது பாய்க்கே ஆச்சரியம் என்று பிறகு தெரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் அவர் வரவில்லை. யோசிக்க எனக்கு இடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அக்காவின் உம்மா வீட்டில் நாங்கள் கொண்டுபோன நெத்திலியையே வறுத்துப் போட்டார்கள். "என்ன ஜெயந்தி?" என்று அக்கா கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தார். நான் முள் எடுப்பது போலத் தலையைக் குனிந்துகொண்டேன். என் காபி, என் ரிமோட், என் அமைதியான சாயங்காலம் எல்லாம் வரிசையாக வந்து நின்று என்னைப் பார்த்தன. அவற்றிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பொன்னேரி வழியாகத் திரும்பினோம். பஸ் நிறுத்தத்தில் ஒரு மனிதர் வெறுங்காலோடு நின்றிருந்தார். கையில் கட்டு. ஷூ இரண்டும் பெஞ்சில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. யாரோ ஒரு பாட்டியம்மாவுக்கு எந்த பஸ் எங்கே போகும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நொடியில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. சுந்தரம் டிரைவிங் டெஸ்டுக்குப் போன கதையை இவருக்கு இன்னும் சொல்லவில்லையே.

"பாய், வண்டிய நிறுத்துங்க."

கதவைத் திறந்து இறங்கினேன். "ஏறுங்க," என்றேன்.

"இல்லீங்க, பஸ் வந்துரும்."

"ஏறுங்க. சொல்ல வேண்டியது நிறைய பாக்கி இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஷூவை எடுத்துக்கொண்டார். வேனுக்குள்ளிருந்து நூர்ஜஹான் அக்கா, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார், ஊருக்கே கேட்கும்படி.

சுவரில் இரண்டு பேர்

பதிவுத் திருமணம்தான். பாயும் அக்காவும் சாட்சி. என் தம்பி கொஞ்ச காலம் பேசாமல் இருந்தான். பிறகு கதிர் வைத்த சாம்பாரைச் சாப்பிட்டதும் பேச ஆரம்பித்தான். கல்லூரியில் சிலர் என் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்று எழுதிப் போட்டிருப்பதால் மெதுவாகத்தான் சிரித்தார்கள். யாழினி நிம்மதியாக விமானம் ஏறினாள். வீடியோ காலில் வந்தால் முதலில் கேட்பது, "புதுசா அப்பா கதை எதாவது ஞாபகம் வந்துச்சாம்மா?" என்றுதான். சில சமயம் நான் மறந்துபோனதை கதிர் எடுத்துக் கொடுக்கிறார்.

அவர் செம்பாக்கத்துக்குக் குடிவந்தபோது இரண்டு பெட்டியும் ஒரு படமும் கொண்டுவந்தார். லலிதாவின் படம். எங்கே மாட்டுவது என்று கேட்கக்கூடத் தயங்கி, அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கதவோரம் சாய்த்து வைத்திருந்தார். நான்தான் ஆணியும் சுத்தியலும் எடுத்துவந்து, கூடத்தில் சுந்தரத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். வெள்ளிக்கிழமை தோறும் இரண்டு பேருக்கும் ஒரே முழத்தை வெட்டிப் பூ போடுகிறோம்.

போன மாதம் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஒருவர் வந்தார். எங்கள் வீட்டுக்குப் புதியவர். வேலையை முடித்து நிமிர்ந்தவர் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருமா இவங்கோ? புருசன் பொஞ்சாதியா?"

"இல்லப்பா. எங்க வீட்டுக்காரங்க," என்றேன், யோசிக்காமல்.

"ஓ, ஓனருங்களா." அவர் செருப்பில்லாத காலைச் சேர்த்து வைத்து, படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "ரெண்டு பேரும் பூட்டாங்களா? பாவம். நல்ல ஓனருங்களாத்தான் இருந்துருப்பாங்கோ. இல்லாங்காட்டி வாடகைக்கு கீறவங்க இப்டி பூ போட்டு வெப்பாங்களா."

சமையலறையில் தோசைக் கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கதிர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

"ரொம்ப நல்ல ஓனருங்கப்பா. ஒரு நாள்கூட எங்களக் காலி பண்ணச் சொன்னதில்ல."